பொருள் எண் பதினாறு

பதினைந்தாவது பொருள் தெருவிளக்கு.
மூன்று நிமிடத்தில் முடிந்தது.

பதினாறையும் நான்தான் வாசித்தேன்:
"அணைமேடு மறுவாழ்வு முகாமில்
பழுதடைந்த இருபத்திரண்டு வீடுகளுக்குக்
கூரை மாற்ற, ஒன்றியப் பொது நிதியிலிருந்து…"
தொகைக்கு வருமுன்பே
நாற்காலிகள் நகர்ந்தன.

பாலக்கோட்டு மண்டியில் அன்று
தக்காளி கிலோ நாலு ரூபாய்.
பாதிப்பேர் அந்தக் கோபத்தோடுதான்
கையெழுத்துப் போட்டு உள்ளே வந்திருந்தார்கள்.

ஆறாவது வார்டு மாதையன் எழுந்தார்.
"எங்க இருளர் காலனியில பொம்பளைங்க
பொடவைய மறைப்பு கட்டிக் குளிக்கறாங்க.
மொதல்ல அதுக்கு வழி சொல்லுங்க."
பொய்யில்லை. நான் போயிருக்கிறேன்,
அளந்து எழுதி அனுப்பியிருக்கிறேன்,
அந்தக் கோப்பு எங்கே என்று
எனக்குத்தான் தெரியும்.

"மாநில அரசு பார்க்கட்டும்" என்றார் ஒருவர்.
"மத்திய அரசு" என்று திருத்தினார் இன்னொருவர்.
"நாப்பது வருசமாவா விருந்தாளி?"
பின்வரிசையிலிருந்து. முகம் தெரியவில்லை.

பிறகு முனிரத்தினம்,
மைக் தேவைப்படாத தொண்டை:
"ஓட்டு இல்லாதவனுக்கு
ஓட்டு வீடா?"

கூடம் சிரித்தது.
தலைவி பூங்காவனம் முந்தானையால் வாயை மறைத்தார்.
நானும் சிரித்தேன்.
சிரிப்பில் கை ஆடி
'கூரை'யின் மேல் ஒரு கோடு விழுந்தது.

இந்தக் கூடத்தின் சுவர் இளம்பச்சை.
போன தை மாதம் அடித்தது ஜெயரூபன்.
பில் கான்ட்ராக்டர் பேரில்.
கூலி என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை.
முகாம் வாசல் பலகையில்
'அகதிகள்' என்பதை அழித்து
'மறுவாழ்வு' என்று எழுதியதும் அவன்தான்.
அந்த ஒரு சொல்லுக்கு மூன்று கோட் பிடித்ததாம்.
வெயில் சாய்ந்து விழுந்தால்
இப்போதும் அடியில் பழைய எழுத்து
புடைத்துத் தெரியும் என்றான்.
பிறப்புச் சான்றிதழில் அவனுக்குத் தர்மபுரி.
முகாம் அட்டையில்
கண்ணால் காணாத ஒரு தீவு.

பதினோராவது வார்டு கெம்பம்மா
கூட்டத்தில் பேசியதே கிடையாது.
பேசுவதெல்லாம் அவள் வீட்டுக்காரர்.
அன்று அவர் மண்டியில், விற்காத நாற்பது கூடையோடு.

எழுந்திருக்காமலே பேசினாள்.
"பெங்களூருல எட்டு வருசம்
தகர ஷெட்டுல கெடந்தோம்.
யாரோ கட்டற மாடிக்கு ஜல்லி சொமந்தேன்.
அங்க எங்களுக்கு ஓட்டு இல்லீங்க.
தண்ணி லாரி வந்தா
'ஒங்க ஊர்ல போயிப் புடிங்க'ன்னு
கொடத்தை எட்டி ஒதைப்பாங்க.
கன்னடத்துலதான் சொன்னாங்க.
எங்கூட்டுல, எங்கம்மா கிட்ட,
நான் பேசற அதே கன்னடம்."

மின்விசிறி மட்டும் சுற்றியது.
யாரோ செல்போனைத் திருப்பி வைத்தார்கள்.

"சரிம்மா, ஆதரிக்கறீங்களா, எதிர்க்கறீங்களா?"
தலைவி கேட்டார்.
கெம்பம்மா என்னைப் பார்த்தாள்,
என் பேனாவை.
"நான் சொன்னத அப்படியே எழுதச் சொல்லுங்க."

தீர்மானப் புத்தகத்தில்
அப்படியே எழுத இடமில்லை.
ஒரு பொருளுக்கு நான்கு வரி,
கீழே முத்திரை.
'உறுப்பினர்கள் விவாதித்தனர்.
அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்படுகிறது.'
இரண்டு வரி மிச்சம்.
குறுக்கே கோடு போட்டு அடைத்தேன்,
பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடாதபடி.
விதி அப்படி.

வெளியே, ஜீப் நிற்கும் புங்கமர நிழலில்
ஜெயரூபன் நின்றிருந்தான்.
இருபத்திரண்டு வீட்டு அளவும்
பெயின்ட் கம்பெனி வண்ண அட்டையின் பின்பக்கம்,
பென்சிலில்.
முடிவை அவன் கேட்கவில்லை.
ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேக்கு மூலையில ஓதம் ஏறுது சார்.
இப்பவே சுரண்டி ஒரு கோட் அடிச்சிட்டா
ஐப்பசி மழைக்குத் தாங்கும்.
கான்ட்ராக்டர்கிட்டச் சொல்லிடுங்க."

குறித்துக்கொண்டேன்.
அலுவலகச் சுவர், பராமரிப்புத் தலைப்பு.
அதற்குத் தீர்மானம் வேண்டியதில்லை.